கன்டெய்னர் அண்ணனும் சாம்பிள் கோழியும்

கன்டெய்னர் அண்ணன் அளவுக்கு அவசரப்படுகிற மனிதர் இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பதென்றாலும் பத்து மாதம் பொறுத்திருக்க வேண்டுமே, அதிலேயே தகுதி போய்விடும்.

திருமுருகன்பூண்டியில் ஒரு லைன் வீட்டில் எனக்கு அடுத்த வாசல் அவருடையது. நான் ஒரு லேபிள் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெஸ்பேட்ச் சூப்பர்வைசர். அட்டைப் பெட்டிகளை ஒட்டி, கன்டெய்னர் லாரியில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்புகிற வேலை. கப்பல் யாருக்காகவும் நிற்காது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அண்ணன் அந்தப் பாடத்தைச் சலூனுக்கும் சாப்பாட்டுக்கும் சாமி கும்பிடுவதற்கும் சேர்த்துப் படித்துவிட்டார்.

"சீக்கிரங்க, கன்டெய்னர் கெளம்பிரும்" என்பதுதான் அவர் வாயில் வருகிற வணக்கம். முடி வெட்டப் போனால் ஒரு பக்கக் கிருதாவோடு எழுந்து வந்துவிடுவார். மறுபக்கம் அடுத்த வாரம். அவிநாசித் தேர் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். ஊரே வடம் பிடித்து, தேர் அசைந்து அசைந்து வருகிற அழகில் சொக்கிப்போய் நின்றிருந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தா அர மணி நேர வேலைங்க தம்பி."

கல்யாணத்திலும் இதே கதைதானாம். அவர் மனைவி சரசு அக்கா சொன்னது. எங்கள் பக்கக் கல்யாணத்தில் ஒரு சீர் முடிந்தால் இன்னொரு சீர் என்று போய்க்கொண்டே இருக்கும். சீர் செய்துவைக்க வந்த அருமைக்காரப் பெரியவரிடம் மாப்பிள்ளை குனிந்து, "மாமா, இதையெல்லாம் ஒண்ணாப் போட்டு பேக் பண்ணிருங்க" என்று கேட்டாராம். தாலி கட்டிய கையோடு லோடிங் பார்க்கப் போய்விட்டாராம். அக்கா சற்று மிகைப்படுத்துகிறவர்தான். ஆனால் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அக்கா தனியாகத்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் சேவூர்ச் சந்தையிலிருந்து சட்டைப் பையில் ஒரு நாட்டுக் கோழிக்குஞ்சோடு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணா வாங்கிட்டு வருவாங்க?" என்றார் சரசு அக்கா.

"இது சாம்பிள். நல்லா இருந்தா பெரிய ஆர்டரா போடலாம்."

ஆர்டர் கடைசிவரை போடப்படவில்லை. சாம்பிள் என்பதே அதன் பெயராக நிலைத்தது. குஞ்சு வளர்ந்து, செம்பட்டை நிறத்தில் ஒரு கம்பீரமான கோழியானது. அதற்கு அண்ணனுடைய செருப்பின் மேல்தான் படுக்கை. காலையில் அவர் அவசர அவசரமாக வெளியே வரும்போது சாம்பிள் செருப்பை விட்டு எழுந்திருக்காது. "எந்திரி சாமி, நேரமாச்சு கண்ணு" என்று அவர் கெஞ்சிக்கொண்டு நிற்பார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். அண்ணனைக் காக்க வைத்த ஒரே ஜீவன் அதுதான்.

தன் செருப்புக்கு விடுதலை கிடைக்கட்டும் என்றோ, பாசத்தினாலோ, அவர் அதற்கு ஒரு மெத்தை செய்து கொடுத்தார். மற்ற ஊர்க்காரர்கள் என்றால் வைக்கோல் போட்டிருப்பார்கள். நம் ஊரில் கார் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட், தலையணைக்கும் பனியன் வேஸ்ட். கட்டிங் செக்ஷனிலிருந்து, வெட்டிக் கழித்த துணியும் நூலுமாக ஒரு சாக்கு நிறைய வேஸ்ட் கொண்டுவந்து கூடையில் திணித்தார். "வெக்கோல் குத்துமுங்க. இது அத்தனையும் எக்ஸ்போர்ட் காட்டன்" என்று எங்களுக்கெல்லாம் தொட்டுக் காட்டினார். சாம்பிளும் சொகுசாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் அது தீனி எடுப்பதை நிறுத்தியது. கழுத்துக்குக் கீழே தீனிப்பை எலுமிச்சம்பழம்போல் புடைத்துக்கொண்டது. இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மூலையில் நின்றது. மத்தியானம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவதற்காக வந்த அண்ணன் அதைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

லைன் வீட்டில் வைத்தியத்துக்கா பஞ்சம்? ஒருவர் சின்ன வெங்காயம் என்றார், ஒருவர் மஞ்சள் என்றார். சரசு அக்கா விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தார். அண்ணன் இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு சொட்டாக அதன் அலகில் விட்டு, புடைப்பை விரலால் நீவி நீவி விட்டார். தெருமுனைச் சிற்பப் பட்டறைக்குப் போய், நந்தி செதுக்கிக்கொண்டிருந்தவரிடம், "ஏனுங்க, ஊட்டுல ஒருத்தருக்குக் கண்ணசந்திருக்குது. கொஞ்சம் மெதுவாக் கொத்துங்க" என்றார். பாவம், அவர் அன்று முழுக்க உளியைத் தொடாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனியில் லோடிங். அண்ணன் லீவு போட்டார். இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். காய்ச்சலோடும் காலில் கட்டோடும் லோடிங்குக்குப் போன மனிதர் அவர். கம்பெனிக்கு அவர் அனுப்பிய செய்தி, 'ஊட்டுல சீரியஸ்'.

கம்பெனியே கலங்கிப்போய்விட்டது. முதலாளி காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே பேக்கிங் ஆட்கள் ஆப்பிள் பையும் சத்துமாவு டப்பாவுமாக வந்தார்கள். நோயாளி என்று அவர்கள் நம்பிவந்த சரசு அக்கா, குழாயடியில் போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்குளுக்கு ஒடம்பு..." என்று முதலாளி இழுத்தார்.

"எனக்கா லீவு போட்டாருன்னு நெனச்சீங்க?" என்றார் அக்கா. "எனக்கு ஆப்பரேசன் நடந்தப்ப தியேட்டர் வாசல்ல நின்னுட்டு, எத்தன மணிக்கு டெலிவரி குடுப்பீங்கன்னு டாக்டரக் கேட்ட மனுசனுங்க இவுரு. உள்ள போய்ப் பாருங்க. மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு."

எல்லாரும் உள்ளே போய்க் கோழியைச் சுற்றி நின்றோம். பீகாரிலிருந்து வந்து பேக்கிங்கில் வேலை செய்கிற ராம்பாபு, ஆப்பிள் பையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் கோழியின் அருகே பணிவாக வைத்தார்.

"கோழிக்கா சீரியஸ்னு போட்டீங்க?" என்றார் முதலாளி.

"சீரியஸ்தானுங்க."

முதலாளி தோட்டங்காட்டில் வளர்ந்தவர். குனிந்து, புடைப்பைத் தொட்டுப் பார்த்து, தலையாட்டினார். "இது தேறாதுங்க. எங்க தோட்டத்துல இப்படியானா அன்னைக்கே கொழம்பு வெச்சிருவோம்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். குரலில் மரியாதை துளியும் குறையவில்லை.

"மொதலாளி, நீங்க சொன்னா நான் எத வேணாலும் ஏத்தி உட்ருவனுங்க. இத மட்டும் ஏத்த மாட்டனுங்க."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா கொடுத்த டீயைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவிநாசில ஒரு லேடி டாக்டர் இருக்கறாங்க. எங்கூட்டு நாய்க்கு அவங்கதான் பாத்தாங்க. கார எடுத்துட்டுப் போங்க. லோடிங்க நான் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணன் பரபரவென்று எழுந்து, ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, துண்டு விரித்து, சாம்பிளை உள்ளே வைத்தார். அடுத்த நொடி சர்ரென்று ஒரு சத்தம். பெட்டியின் மேல் டேப் ஒட்டியாகிவிட்டது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டு 'சைஸ் மீடியம், கலர் அசார்ட்டட்' என்று அச்சடித்திருந்தது.

"அண்ணா, மூச்சு விட ஓட்டை வேண்டாமா?" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. நகத்தால் டேப்பைப் பிய்த்து எறிந்தார். "கை தானா ஒட்டிருச்சுங்க தம்பி, கை தானா ஒட்டிருச்சு" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவரிடம், "மெதுவாப் போங்க சாமி, குலுங்குது" என்றார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா தெற்குச் சீமைக்காரர், சின்ன வயது. தொட்டுப் பார்த்ததுமே, "தீனிப்பை அடைச்சிருக்கு. திறந்துதான் எடுக்கணும். பொழைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன், எடுக்கலைன்னா பொழைக்காதுங்கிறது உறுதி" என்றார்.

அண்ணன் தலையசைத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, இறகை விலக்கி, சின்னதாக ஒரு கீறல். இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார் டாக்டரம்மா. நூல் வந்தது. இழுத்தார், இன்னும் வந்தது. நேவி ப்ளூ, மெரூன், பாட்டில் கிரீன் என்று ஒரு சீசனின் கலர் மொத்தமும் வந்தது. கூடவே எங்கள் கம்பெனியில் அச்சடித்த சலவைக் குறிப்பு லேபிள் ஒன்றும் வந்தது. இளஞ்சூட்டு நீரில் துவைக்கவும் என்று போட்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் அந்த நூல் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தானுங்க போட்டேன்" என்றார். "வெக்கோல் குத்தும்னு நாந்தானுங்க இத அள்ளியாந்து போட்டேன். தின்னும்னு தோணலீங்களே." என் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன கை அது.

"இந்த ஊர்ல எங்கிட்ட வர்ற ஆடு, கோழி எது வயித்தைத் திறந்தாலும் பனியன்தான் இருக்கு. நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல" என்றார் டாக்டரம்மா. சொல்லிக்கொண்டே தைத்தார்.

தையலைக் கண்டதும் அண்ணனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. குனிந்து பார்த்தார். "டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. மேல ஒரு ஓவர்லாக் தையல் ஓட்டிட்டா பிரியாதுங்க."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"எப்பங்க சரியாகும்?"

"அதைக் கோழிதான் சொல்லணும். குளுக்கோஸ் தண்ணி குடுங்க, அப்புறம் கஞ்சி. எச்சம் ஒழுங்கா விழுந்துச்சுன்னா உள்ளே வழி திறந்துருச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் காத்திருங்க."

காத்திருங்க என்று அவரிடம் சொல்லி, அவர் அதைக் கேட்டு நடந்ததும் உண்டு என்று என் பேரன் காலத்திலும் சொல்வேன். வீட்டுக்கு வந்து, வேலைக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து, சாம்பிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஃபில்லரில் ஒரு சொட்டு விடுவார். அது விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அடுத்த சொட்டு. போன் வந்தால், "நீங்களே பாத்துக்குங்க" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுவார். அவர் கம்பெனிக் கன்டெய்னர் லாரி எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது வழக்கம்போல் அவருக்காக ஒரு ஹாரன் அடித்தது. கோழியை அக்கா மடிக்கு மாற்றிவிட்டு ஓடிப்போய், லாரியைக் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிருங்க சாமி, சத்தம் வேண்டாம்" என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா கோழியைக் கொடுக்கவில்லை. "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. நான் வெச்சிருக்கறேன்" என்றார். கோழியின் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "இந்த மனுசன உக்கார வெக்கறதுக்கு நீ நூல் திங்கோணுமா அம்மிணி" என்று அதனிடம் கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது.

லைன் வீடு முழுக்க ஓர் எச்சத்துக்காகத் தவம் கிடந்தது. குழாயடியில் பார்த்துக்கொண்டால், "ஆச்சுங்களா?", "இன்னும் இல்லீங்க" என்பதுதான் பேச்சு. கஞ்சி உள்ளே போனது, ஒன்றும் வெளியே வரவில்லை. அண்ணன் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. எங்களுக்கும் நம்பிக்கை கரைந்துகொண்டிருந்தது. தேறாவிட்டால் அவரிடம் என்ன பேசுவது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கதவு உடைகிற மாதிரித் தட்டினார்கள். திறந்தால் அண்ணன். கக்கத்தில் இடுக்கிய சாம்பிள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையில், நெஞ்சிலிருந்து வயிறுவரை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அது விழுந்திருந்தது.

"வெளிக்குப் போயிருச்சுங்க தம்பி" என்றார். "பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. பற்பசை நுரையோடு அவரைக் கட்டிக்கொள்ளப் போனவன், சட்டையைப் பார்த்துப் பாதியில் நின்றேன். அவர் அடுத்த வீட்டைத் தட்டப் போனார். அதற்கடுத்த வீட்டையும் தட்டினார். சிற்பப் பட்டறைக்குப் போய், நந்திக்காரரிடம் காட்டி, "இனி நீங்க கொத்தலாமுங்க" என்று அனுமதி கொடுத்தார். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லிச் சரசு அக்கா பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அவர் காது கொடுக்கவில்லை.

இப்போது நான் அவிநாசிப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். காம்பவுண்ட் சுவர், காலிங் பெல் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் பெல்லை மெதுவாக ஒருமுறை அழுத்திவிட்டு, நாகரிகமாகத் தள்ளி நிற்கிறார்கள். நல்ல சேதி கிடைத்த அந்த நொடியே ஓடிவந்து என் கதவை உடைக்கிறவர் இந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. அந்தச் சட்டையோடு அண்ணன் வந்தால், இந்தத் தடவை பாதியில் நிற்க மாட்டேன்.