லேசர் விடுப்பு

இந்த வருஷம் மண்வெட்டியைக் கையால் தொடுவதில்லை என்று ஓட்மண்ட் சபதம் எடுத்தார். மனைவி யோருனிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. சபதம் நிறைவேற வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையிலேயே இருந்தது.

லெவாங்கர் ஊரில் அவர்கள் தெருவில் பதினான்கு வீடுகள். மே மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கூடி, பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளையை வாரித் தெருவைச் சுத்தம் செய்வார்கள். இதற்கு டுக்னாட் என்று பெயர். 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று நோட்டீஸில் போட்டிருக்கும். விருப்பமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு அந்தத் தெருவில் நிம்மதியாகக் குடியிருந்தவர் யாருமில்லை. போன வருஷம் ஓட்மண்டுக்கு வந்த இடுப்புப் பிடிப்பு ஜூலை வரை போகவில்லை.

அப்போதுதான் கண் டாக்டரின் கடிதம் வந்தது. புரை எடுத்து லென்ஸ் வைத்த வலது கண்ணில் மறுபடி படலம் கட்டியிருந்தது. அதை லேசரால் விலக்க வேண்டும். தேதியைப் பார்த்தார். அதே வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஓட்மண்ட் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

யோருன்தான் காரில் கூட்டிப் போனாள். வெளியே உட்கார்ந்து பின்னல் வேலையை எடுத்துக்கொண்டாள். உள்ளே டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் காக்கவைத்து, மோவாயை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொன்னாள். டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" ஓட்மண்டுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. "ஆபரேஷன் எப்போ?"

"இதுதான் அது."

"ரெண்டு வாரம் படுத்திருக்கணுமா?"

"எதுக்கு?"

"குனியக் கூடாதோ?"

"தாராளமா குனியலாம்."

"பாரம் தூக்கினா?"

"தூக்குங்க. இன்னிக்கு மட்டும் கார் ஓட்டாதீங்க. ரெண்டு மூணு நாள் கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கும். மின்னல் அடிச்சாலோ திரை விழுந்த மாதிரி இருந்தாலோ உடனே போன் பண்ணுங்க."

"ஓய்வு எடுக்கணும்னு ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா?"

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதித் தர ஒண்ணுமே இல்லையே!"

பரவாயில்லை, வாய் இருக்கிறதே. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார். காரில் ஏறியதும் நெஞ்சு நிறைய ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டு வாரம்."

"என்ன ரெண்டு வாரம்?"

"குனியக் கூடாது. தூக்கக் கூடாது. தூசி, வெயில், காத்து எதுவும் ஆகாது."

"அடப் பாவமே! சின்ன வைத்தியம்னு கடிதாசியில போட்டிருந்துச்சே?"

"கடிதாசி எழுதறவங்களுக்கு என்ன தெரியும்? கண்ணு என்னோடதாச்சே."

"அப்போ இன்னிக்கு டுக்னாட்?"

"அதை நினைச்சாத்தான் எனக்கு மனசே ஆறலை, யோருன்."

யோருன் கியரை மாற்றினாள். பிறகு, "டிவியும் பார்க்கக் கூடாதுதானே?" என்றாள்.

ஓட்மண்ட் இதை யோசித்து வைக்கவில்லை. "டிவி பரவாயில்லேன்னாங்க."

"தூசியே ஆகாத கண்ணுக்கு டிவி ஆகுமா? வேண்டவே வேண்டாம். பேப்பரும் வேண்டாம். போனை நான் வெச்சுக்கறேன். காபியும் நிறுத்திடலாம்."

"காபி என்னடி பண்ணிச்சு?"

"ஆவி அடிக்கும்ல?"

ஒரு நாளைக்கு ஒன்பது கோப்பை குடிக்கிற மனிதர் அவர். எதிர்த்துப் பேசினால் குட்டு உடையும்.

வீட்டில் படுக்கையறைத் திரைகளை இழுத்து மூடி, அவரைப் படுக்கவைத்து, உப்பில்லாமல் வேகவைத்த காட் மீனை ஊட்டிவிட்டாள். ஐந்து மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "வேலை முடிஞ்சதும் தெருச் சங்கத்தோட வருஷக் கூட்டம் இருக்கு. நம்ம வீட்டு சார்பா நான் இருக்கேன். நீங்க எதையும் நினைச்சு மனசை அலட்டிக்காதீங்க."

கதவு சாத்தியதும் ஓட்மண்ட் எழுந்து திரையை ஒரு விரல் அளவு விலக்கினார். அடேயப்பா! என்ன தெளிவு! பிர்ச் மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. தெருச் சங்கத் தலைவர் ஹால்வரின் மூக்கு முடிகூடத் தெரிந்தது. அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஓடிப் போய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் போலிருந்தது. வெளியே தலை காட்டினால் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்களே!

யோருன் தள்ளுவண்டியில் சரளையைத் தள்ளிக்கொண்டு போனாள். அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் யாரோ வாஃபில் சுட ஆரம்பித்தார்கள். அந்த வெண்ணெய் வாசனை ஜன்னலுக்குள் வந்ததும் வெட்கம் போய்ப் பசி வந்துவிட்டது. எல்லோரும் காபியும் கையுமாகப் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து கூட்டத்தை ஆரம்பித்தார்கள். சற்று நேரத்தில் பலத்த கைதட்டல் கேட்டது. பதினான்கு வீட்டாரும் அவர் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

நோயாளி மேல் எவ்வளவு பாசம்! ஓட்மண்ட் நெகிழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

யோருன் ஒரு பூங்கொத்தும் ஒரு தடித்த கோப்புமாக வந்தாள். "வாழ்த்துக்கள்!"

"எதுக்கு?"

"சங்கத் தலைவர் ஆயிட்டீங்க. ரெண்டு வருஷத்துக்கு."

ஓட்மண்ட் படுக்கையில் துள்ளி உட்கார்ந்தார். கூட்டத்துக்கு வராதவர் தலையில் பதவியைக் கட்டுவது அந்தத் தெருவின் வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் ஹால்வர் பல் பிடுங்கப் போயிருந்த அன்றுதான் தலைவரானார். அன்று அவர் பெயரைச் சொன்னது சாட்சாத் ஓட்மண்ட்தான். அதன்பின் கூட்டத்துக்கு வராமலிருக்க யாரும் துணியாததால் ஹால்வரே பதவியில் நீடித்தார். வீட்டுக்கு ஒருத்தர் அங்கே இருந்தால் போதும், தப்பித்துவிடலாம் என்று ஓட்மண்ட் நம்பியிருந்தார்.

"நீ அங்கேதானே இருந்தே! வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன?"

"நான் எப்படிச் சொல்வேன்? உங்க பேரைச் சொன்னதே நான்தான்."

"நீயா?"

"குனிய வேண்டாம், தூக்க வேண்டாம், வெளியே போக வேண்டாம். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி வேலை. பனி வழிக்கிற வண்டி வரலேன்னா எல்லாரும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. குப்பைத்தொட்டிச் சண்டை, கார் நிறுத்துற சண்டை, ஆறாம் நம்பர் வீட்டு நாய் எல்லாம் படுத்துக்கிட்டே பார்க்கலாம். ஹால்வர் சந்தோஷத்துல அழுதுட்டாரு."

"அடியே, எனக்கு ஒண்ணுமே இல்லைடி! குனியலாம், தூக்கலாம், எல்லாம் பண்ணலாம்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க! நான் இப்பவே போய் சரளை அள்றேன். கூட்டத்தை மறுபடி கூட்டச் சொல்லு!"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு தெரியும்."

"எப்படி? நீ வெளியே பின்னிக்கிட்டுல்ல இருந்தே?"

யோருன் பூக்களை ஜாடியில் வைத்து, ஒவ்வொரு தண்டாக நிதானமாகச் சரிசெய்தாள்.

"போன அக்டோபர்ல எனக்கும் இதே கண்ணுல இதே லேசர்தான். இதே டாக்டரம்மாதான். உங்ககிட்ட சொன்னேன். செய்தி பார்த்துக்கிட்டே 'ம்'னீங்க. நீங்க காரை எடுத்துக்கிட்டு சிநேகிதரோட மீன் பிடிக்கப் போயிட்டீங்க. நான் பஸ்ல போயிட்டு பஸ்ல வந்தேன்."

ஓட்மண்ட் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீங்க காரோட திரும்பி வந்து, களைப்பா இருக்குன்னு படுத்தீங்க. பனிக்கால டயர் நாலையும் அன்னிக்கே நான்தான் மாத்தினேன். மறுநாள் ஹால்வர்கிட்ட, நீங்களே மாத்தினதா சொல்லிக்கிட்டிருந்தீங்க. அப்போ எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுது, காதும் நல்லாக் கேட்டுது."