மாமியாருக்காக ஒரு சுவர்

அலுவலகத்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. ஆனாலும் முகூக்கா தன் வீட்டு முற்றத்து வாழைகளுக்குப் பின்னால், கழுத்தில் டையும் கையில் டிபன் டப்பாவுமாகக் குந்தியிருந்தான்.

பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு ஜோடி மஞ்சள் செருப்பு நின்றுகொண்டிருந்தது. செருப்புக்குள் கால்கள் இருந்தன. கால்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்று முகூக்கா பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. அது மாமியார்.

எங்கள் ஜனங்களின் வழக்கம் அப்படி. பெண் வீட்டார் கோழி அடித்து விருந்து வைத்து, மாப்பிள்ளையை முறைப்படி உள்ளே அழைக்கும்வரை மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. எதிரே வந்துவிட்டால் புதருக்குள் பாய வேண்டும். அதுதான் மரியாதை. புதரில் முள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் மரியாதை.

முகூக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். கல்யாணப் படத்தில்கூட மாமியாரின் முதுகுதான் இருக்கிறது. போன வருஷமே விருந்து நடந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் பேருந்து நிலையத்தில் கூட்டம் தள்ளியதில் மாமியார்மேல் போய் மோதிவிட்டான். மோதியது முதுகும் முதுகும்தான். யாரோ போட்டுக்கொடுக்க, ம்பிகா ஊரிலிருந்து வந்த மனைவியின் பெரிய மாமா ஒரு ஆட்டை அபராதமாக ஓட்டிக்கொண்டு போனதோடு விருந்தையும் ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்.

இப்போது மறுபடி நாள் குறித்திருக்கிறது, இந்த மாதக் கடைசியில். இந்த நேரம் பார்த்து மச்சான் பக்கத்து வீட்டை வாங்கி, அம்மாவைக் கொண்டுவந்து குடி வைத்துவிட்டான். மனைவி லோம்பே நர்ஸ் பயிற்சிக்காக லுசாக்கா கிளம்பியவள், வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அம்மாவுக்குப் புதுசா மஞ்சச் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். தூரத்துலயே தெரியும். மஞ்சளைப் பார்த்தா ஓடிடு. இந்தத் தடவையும் சொதப்பினே, மாமா என்னைக் கூட்டிட்டே போயிடுவார்."

ஓடுவதில் முகூக்காவுக்குக் கஷ்டமில்லை. வாசனைதான் கஷ்டம். சாயங்காலமானால் பக்கத்து வீட்டிலிருந்து வேர்க்கடலை அரைத்துவிட்ட கீரை வாசனை வரும். முகூக்கா தன் சமையலறையில் ரொட்டியோடு உட்கார்ந்து அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவான். விருந்து முடிந்தால் அந்தச் சட்டியில் அவனுக்கும் பங்கு உண்டு. நான்கு வருஷமாக அவன் கண்ட கனவு அது ஒன்றுதான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த புல்தட்டி வேலியைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. ஆகவே சுவர் எழுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். ஆளுயரத்துக்கு மேல், கல் சுவர்.

மேஸ்திரி கத்தோங்கோ சைக்கிளில் வந்து இறங்கி, எல்லைக் கல்லை மிதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சுவரை ரெண்டு மூணு நாள்ல எழுப்பிடலாம் சார். ஆனா முதல்ல எல்லை நெடுக இடம் மொட்டையா இருக்கணும். இந்த வாழையெல்லாம் போகணும்."

"வாழை போயிட்டா நான் எங்க ஒளியறது?"

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. வெட்டிடுங்க."

"வெட்டறது உங்க பாடு. நம்ம ஆளுங்க சுவத்துக்கு மட்டும்தான்."

முகூக்கா லீவு போட்டான். பழைய ஓவராலை மாட்டிக்கொண்டு வெட்டுக்கத்தியோடு இறங்கினான். மத்தியானத்துக்குள் வாழை அத்தனையும் படுத்துவிட்டது. நெற்றியை வழித்து நிமிர்ந்தபோதுதான் தன் புத்திசாலித்தனம் தனக்கே விளங்கியது. மறைவே இல்லாத வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தான். எதிரே துணிக்கூடையோடு மஞ்சள் செருப்பு வந்துகொண்டிருந்தது.

மூலையில் ஆளுயரக் கரையான் புற்று ஒன்று இருந்தது. ஒரே பாய்ச்சலில் அதன் பின்னால் போய் உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே கட்டெறும்புகள் குடியிருந்தன. ஓவராலில் உட்காருமிடம் கிழிந்திருந்தது அவற்றுக்கு வசதியாகப் போயிற்று.

"ஏ தம்பி! புத்துக்குள்ள என்ன தேடறே?"

முகூக்கா பழக்கதோஷத்தில் முதலில் கால்களைப் பார்த்தான். முழங்கால்வரை கறுப்பு கம்பூட்ஸ். மஞ்சள் இல்லை. அப்பாடா என்று தாராளமாக முகத்தை நிமிர்த்தினான். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், தலையில் ஆம்பிளைத் தொப்பி, தோளில் மண்வெட்டி, முன்பல் ஒன்று காணோம்.

"எறும்பு கடிக்குதுக்கா" என்றான்.

"கடிக்கிற எடத்துல ஏன் உக்காரணும்? எந்திரி! சுவர் கட்ட வந்த ஆளா நீ?"

பின்பக்கத்தை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு நிற்கிற ஒருவன், நான்தான் இந்த வீட்டுச் சொந்தக்காரன், சந்தை அலுவலகத்தில் பெரிய குமாஸ்தா என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

"ஆமாக்கா" என்றான்.

"வாழைப்பூவெல்லாம் தூரப் போடாதே. எனக்கு வேணும். நான் அந்த வீடுதான்" என்று பக்கத்து வீட்டைக் காட்டினாள். "சமையலு, தோட்டம் எல்லாம் என் தலையிலதான். இன்னொரு உருப்படியும் இருக்கு, பேருக்கு. ரெண்டு துணி காயப்போட்டா நாலு மணி நேரம் உக்காந்துக்கும். காலுக்கு மஞ்சச் செருப்பு வேற குடுத்தாச்சு, மகாராணி!"

முகூக்காவுக்குக் காது குளிர்ந்தது. மாமியாரைப் பற்றி அவள் வீட்டு வேலைக்காரி வாயாலேயே இப்படிக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"இப்படிப் பேசறீங்களே, அவங்களுக்குக் கோவம் வராதா?"

"கோவமா? என்னைப் பார்த்தா நடுங்கும்."

அந்த நிமிஷமே முகூக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் கத்தோங்கோ வந்தார், வாழை இருந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார், புற்றைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுவும் கோட்டுலதான் சார் நிக்குது. புத்து மேல அஸ்திவாரம் போட்டா சுவர் உக்காந்துடும். எடுத்துடுங்க." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கடப்பாரையைப் போட்டால் புற்று திருப்பி அடித்தது. அரைமணி நேரத்தில் முகூக்காவின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. கம்பூட்ஸ்காரி கரையான் தின்ற வேலியைத் தாண்டி வந்தாள்.

"தள்ளு. கைய பார்த்தா பேனா பிடிச்ச கை மாதிரி இருக்கு. உன்னைப் போய் வேலைக்கு வெச்சான் பாரு, அவனைச் சொல்லணும்."

அவள் அடித்த அடியில் புற்று பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மத்தியானம் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். சூடான ந்ஷிமா களி, பக்கத்தில் வேர்க்கடலை அரைத்துவிட்ட கீரை. முகூக்கா கை கழுவக்கூட மறந்துபோனான். முதல் வாய் உள்ளே போனதும் அவனுக்குக் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டு அழுதான்.

"காரமா?" என்றாள் அவள்.

"இல்லக்கா. இது அந்த வீட்டுச் சமையல்தானே?"

"பின்ன எங்கேருந்து வரும்? நான்தான் ஆக்கினேன்."

நான்கு வருஷமாக மாமியார் கையால் சாப்பிடக் காத்திருந்ததெல்லாம் வீண், சமைக்கிறவள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டே முகூக்கா தட்டை வழித்தான். விருந்தன்று இவள் சமையலுக்கு மாமியார் என்ன பேர் வாங்குவாள் என்று நினைக்க அவனுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

"ஆமா, இந்த வீட்டுக்கார ஆளு எப்படி?" என்று கேட்டாள் அவள். "நான் டை கட்டின முதுகை மட்டும்தான் பார்த்திருக்கேன். ஓடிக்கிட்டே இருக்கும்."

"தங்கமான மனுஷங்கா. பெரிய உத்தியோகம். கர்வமே கிடையாது. பெண்டாட்டிய உள்ளங்கையில வெச்சுத் தாங்கறார்."

"கூலி ஒழுங்காக் குடுக்கறானா?"

"அதெல்லாம் அள்ளிக் குடுப்பார்."

"அப்படியா!" என்று அவள் முகமெல்லாம் மலர்ந்தது. இன்னும் ஒரு கரண்டி கீரை போட்டாள்.

புற்று போனதும் முற்றத்தில் மறைவென்று மிச்சமிருந்தது, எல்லையோரம் புல்தட்டி அடைத்த குளிக்கிற மறைப்பும் ஒரு கோழிக்கூண்டும்தான். அன்று சாயங்காலம் முகூக்கா தட்டிக்குள் நின்று தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது கத்தோங்கோவின் ஆட்கள் கயிறு பிடிக்க வந்தார்கள். தட்டி குறுக்கே நின்றது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சாய்ந்தது.

கண்ணில் சோப்பு. கையில் ஒரு பேசின். பேசின் எதை மறைக்க வேண்டுமோ அதை மட்டும் மறைத்தது. ஒற்றைக் கண்ணைத் திறந்தால் குழாயடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. முகூக்கா போட்ட ஓட்டத்தில் கயிறு பிடித்தவன் கயிற்றை விட்டுவிட்டான். நேரே கோழிக்கூண்டுக்குள் போய்த்தான் நின்றான். கோழிகள் இந்த மரியாதையைப் புரிந்துகொள்ளவில்லை. தெருவுக்கே கேட்கக் கூப்பாடு போட்டன.

கொஞ்ச நேரம் கழித்துக் கூண்டு வாசலில் கம்பூட்ஸ் தெரிந்தது. ஒரு சித்தெங்கே துணி உள்ளே நீண்டது.

"சுத்திக்கோ தம்பி. முட்டை மேல உக்காந்துடாதே."

"அக்கா, அவங்க பார்த்துட்டாங்களா?"

"யாரு, மஞ்சச் செருப்பா? அது தண்ணி பிடிக்கப் போன எடத்துல போன் பார்த்துட்டு நின்னுச்சு. நான்தான் பார்த்தேன். பார்த்தவரைக்கும் ஒண்ணும் விசேஷமில்ல, வா வெளிய."

"தெய்வமே!" என்று பெருமூச்சு விட்டான் முகூக்கா. மாமியார் பார்க்காதவரையில் யார் பார்த்தால் என்ன?

அன்று ராத்திரி லோம்பே போன் செய்தாள்.

"அம்மா கண்ணுல பட்டியா?"

"என் நிழல்கூடப் படல."

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. மாப்பிள்ளை முகத்தையே காட்டறதில்ல, எவ்வளவு அடக்கம், வேலைக்காரங்களை விட்டே எல்லாத்தையும் முடிக்கிறார்னு பெருமைப்பட்டாங்க. மாமாகிட்டயும் சொல்லிட்டாங்களாம். விருந்து நிச்சயம்."

முகூக்கா அன்று நிம்மதியாகத் தூங்கினான். காலையில் கத்தோங்கோவின் உத்தரவுப்படி கோழிக்கூண்டையும் பெயர்த்துப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தான். கூண்டின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவள் கம்பூட்ஸ்காரிதான்.

இப்போது முற்றம் சிரைத்த தலை மாதிரி இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு மேடு இல்லை. எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்குக் கயிறு கட்டியாகிவிட்டது. கல் லாரி வர வேண்டியதுதான் பாக்கி. இருவரும் கயிற்றுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள்.

"எல்லாம் முடிஞ்சுது" என்றாள் அவள். குரலில் சுரத்தில்லை. "புது ஊருல பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடைச்சே. சுவர் எழும்பினா நீ அடுத்த வேலைக்குப் போயிடுவே. எனக்கு மறுபடி அந்த மகாராணியோட மூஞ்சிதான்."

முகூக்கா கட்டியிருந்த கயிற்றை விரலால் சுண்டினான். ஒரு சுவருக்காக இத்தனை பாடுபட்டு, கடைசியில் சுவர் வேண்டாம் போலிருந்தது. நான் எங்கேயும் போகவில்லை, இதோ இந்த வீடுதான் என்று வாய்வரை வந்தது. இத்தனை நாள் பொய் சொன்னதை நினைத்து விழுங்கிக்கொண்டான்.

"மேஸ்திரிகிட்ட சொல்லி ஒரு ஓட்டை வைக்கச் சொல்றேங்கா" என்றான். "ஒரு தட்டு போற அளவுக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல் போன இடம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அவளுக்குப் பின்னால் பட் பட்டென்று சத்தம் கேட்டது.

மஞ்சள் செருப்பு! நடக்கவில்லை, ஓடி வந்துகொண்டிருந்தது. நேராக இவர்களை நோக்கி.

முகூக்கா இடப்பக்கம் பார்த்தான். வாழை இல்லை. வலப்பக்கம் பார்த்தான். புற்று இல்லை. தட்டி இல்லை, கூண்டு இல்லை. எல்லாவற்றையும் தன் கையாலேயே ஒழித்தாயிற்று. நான்கு வருஷம், ஒரு ஆடு, லோம்பே, அந்தக் கீரை எல்லாம் கண்முன்னே வந்து போயின. கயிற்றைத் தாண்டிக் குதித்துக் கம்பூட்ஸ்காரியின் முன்னால் தரையோடு தரையாகச் சுருண்டான்.

"மறைங்கக்கா! அவங்க வர்றாங்க! என் குடும்பமே உங்க கையிலதான் இருக்கு!"

"யாருடா, அதுவா? அதுகிட்ட கடன் வாங்கியிருக்கியா?"

"அப்புறம் சொல்றேன்! மறைங்க!"

நல்ல மனசு அவளுக்கு. ஏன் எதற்கு என்று மேலே கேட்கவில்லை. இடுப்பில் பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த சித்தெங்கேயை உருவி, உலர்த்துகிற பாவனையில் உதறி அவன்மேல் போர்த்திவிட்டு, காலை அகட்டி வைத்து நின்றுகொண்டாள். உள்ளே வேர்க்கடலை வாசனை அடித்தது. முகூக்கா ஒரு கம்பூட்ஸை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான். இனி யார் வந்தாலும் இந்த அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவன் மனசு அடங்கியது.

மஞ்சள் செருப்பு எதிரே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. செருப்புக்கு மேலேயிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா, லுசாக்காலேருந்து உங்க மக லோம்பே லைன்ல இருக்காங்க. மாப்பிள்ளை கண்ணுல படாம ஜாக்கிரதையா இருக்கீங்களான்னு கேக்கறாங்க."