இரண்டடி வயருக்கு ஒரு தகுதிச் சான்றிதழ்

மனிதனாகப் பிறந்தவன் ஒருமுறையாவது பாட்டைச் சுத்தமாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் தோன்றியது. அதுவரை பழைய மோட்டார்களை வாங்கி விற்றுப் பிழைத்தவன் நான். அந்தச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. மீதிப் பாதியின் நலன் கருதி, சிடி பிளேயரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் வயர் ஒரு ஜோடி வாங்கினேன். நீளம் இரண்டடி.

கையால் பின்னிய வயர். வெளிச்சத்தம் உள்ளே புகாமலிருக்கச் சாதாரண வயருக்கு ஒரு உலோக வலை உறை இருக்கும். இதற்கு அதுகூடக் கிடையாது. "உறை போட்டா வயர் மூச்சு விடாது சார்" என்றார் விற்றவர். நாற்பதாயிரம் சொன்னார். நான் கத்தினேன். மேசையைத் தட்டினேன். கோபித்துக்கொண்டு வாசல் வரை போனேன், அவர் கூப்பிடாததால் நானே திரும்பி வந்தேன். இருபத்தெட்டாயிரத்துக்கு முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது, ஆனால் மனசு நிறைந்துவிட்டது.

வீட்டில் மாட்டினேன். ஃப்ரிட்ஜ் ஓடினால் ஒரு 'ஊம்'. டியூப்லைட் போட்டால் அதற்கு மேல் இன்னொரு 'ஊம்'.

"பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றாள் மனைவி.

"ஆரம்பிச்சு மூணு நிமிஷம் ஆச்சு."

விலையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "பழைய கார் ஒண்ணு வாங்கறதா இருக்கோம்ல, அதுக்கு விலை பேச என் தம்பி போகட்டும். நீங்க வீட்ல இருங்க" என்றாள்.

அந்த வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் முதல் கட்டில் வரை நான் அடித்துப் பேசி வாங்கியது. மச்சினனோ, கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற பிராணி.

"இந்த வயரை வாங்கின விலைக்கே வித்துக் காட்டறேன். அப்புறம் கார் பேச யாரு போறதுன்னு பாரு!"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள" என்றாள்.

இப்படிப்பட்ட வயரை வாங்கக்கூடியவர்கள் எல்லோரும் 'நல்லொலி நாடுவோர் சங்க'த்தில்தான் இருந்தார்கள். பயன்படுத்திய வயரைக் கைமாற்ற வேண்டுமானால், சங்கத்தின் ஒலித் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஒரு படிவம். வயரின் வயது, இதுவரை அதன் வழியே சென்ற பாடல்கள், தற்போதைய உரிமையாளரின் மனநிலை. கடைசிக் கட்டத்தில் 'சாந்தம்' என்று எழுதினேன். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாங்க ஆசைப்பட்ட பல் டாக்டர். இன்னொருவர் மூன்று நபர் ஆய்வுக் குழு. மூன்று நபரும் அவரே. எடையளவு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று கையெழுத்துக்கு மூன்று நிறத்தில் பேனா வைத்திருந்தார்.

"முப்பத்தஞ்சு" என்று ஆரம்பித்தேன்.

"புதுசே இருபத்தெட்டுதானே சார்?" என்றார் டாக்டர்.

"புதுசு பச்சை வயர் டாக்டர். இது ஆறு மாசம் இங்கயே கிடந்து பழுத்தது. உறை இல்லாததால இந்த வீடே அதுக்குள்ள இறங்கியிருக்கு."

வயர் வந்து ஆறு நாள்கூட ஆகவில்லை. ஆனால் இது முப்பது வருஷமாகப் பேரம் பேசிய வாய். என்னைக் கேட்காமலே பேசும். குழு அதை அப்படியே எழுதிக்கொண்டது.

பாட்டைப் போட்டேன். இருவரும் கண்ணை மூடினார்கள். ஃப்ரிட்ஜ் தன் பங்கைச் செய்தது, டியூப்லைட் தன் பங்கைச் செய்தது. சமையலறையிலிருந்து மனைவி தன் பங்கைச் செய்தாள்: "ரெண்டடி வயராம்... பழுத்துதாம்... வாங்கின மண்டைதான் இன்னும் பழுக்கல..."

டாக்டர் சிலிர்த்துப்போனார். "அடடா! பின்னால ஒரு பெண் குரல் வருது பாருங்க! என் வீட்டு வயர்ல இந்த ஆழம் வந்ததே இல்ல!"

அது என் சம்சாரம் என்று சொல்ல வாயெடுத்தேன். விலை ஏறும் நேரத்தில் உண்மை எதற்கு என்று மூடிக்கொண்டேன்.

குழு எழுந்து நின்று சான்றிதழை வாசித்தது: "மேற்படி வயரின் ஒலிவளமானது, குளிர்சாதனப் பெட்டி ஒன்று, குழல்விளக்கு ஒன்று, இல்லத்தரசியாரின் முணுமுணுப்பு ஆகியவற்றிலிருந்து பிரிக்க இயலாதது எனத் தெரிய வருகிறது. ஆகவே மேற்படி வயர் இவ்வீட்டை விட்டு அகற்றப்படும் பட்சத்தில் இச்சான்றிதழ் செல்லாது."

"யோவ்! வயரை விக்க வீட்டையும் பொண்டாட்டியையும் சேர்த்துக் குடுக்கவா?" என்று பாய்ந்தேன்.

"வீடு உள்ள இறங்கியிருக்குன்னு நீங்க குடுத்த வாக்குமூலம் சார். நாங்க மூணு பேரும் ஏத்துக்கிட்டோம்."

நான் மேசையைத் தட்டினேன். வாசல் வரை போனேன். அது என் வீட்டு வாசல் என்பதால் அப்புறம் எங்கே போவதென்று தெரியவில்லை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சான்றிதழைப் படித்தாள்.

"டாக்டர், உங்களுக்கு வயர் வேணுமா, அந்தச் சத்தம் வேணுமா?"

"சத்தம்தாம்மா."

"அப்போ வயரை எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? வாராவாரம் இங்கயே வந்து கேளுங்க. தலைக்கு ஐநூறு."

"முந்நூறு வெச்சுக்கலாமே?"

"வெச்சுக்கலாம். முணுமுணுப்பு இருக்காது."

டாக்டர் ஐநூறை எடுத்து வைத்தார். அவள் மேசையைத் தட்டவில்லை. கைகூட இன்னும் முழுசாகக் காயவில்லை.

வயர் விற்காததால் சொன்னது சொன்னபடி, கார் பேச மச்சினன்தான் என்று முடிவானது.

அடுத்த வாரம் பதினோரு பேர் வந்தார்கள். என் நாற்காலி டாக்டருக்குப் போனது. நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது என்பதால் மொத்தக் குடும்பமும் வெந்நீராய்க் குடித்தது. அவமானத்தில் நான் வாயைத் திறக்காமல், எதையும் வாங்காமல், ஒழுங்காக இருந்தேன். அதனால் மூன்றாவது ஞாயிறு, மனைவி சமையலறையில் நின்று விழித்தாள்.

"என்னத்தச் சொல்லி முணுமுணுக்கறது? இந்த மனுஷன் ஒண்ணுமே பண்ணலியே!"

புதன்கிழமை பதிவுத் தபால் வந்தது, என் பெயருக்கு.

"தாங்கள் கடந்த பதினான்கு நாட்களாக எவ்விதத் தவறும் இழைக்காத காரணத்தால் ஒலித்தரம் கணிசமாகக் குன்றியுள்ளது. தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

மூன்று நிறத்தில் கையெழுத்து. கொதித்துப்போய் மனைவியிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கொஞ்சம் யோசித்தாள். ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"நீ வர வேணாம்டா. கார் பேச மாமாவே போகட்டும்."

ஏன் என்று எனக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் உடம்பு கேட்கவில்லை. நல்ல சட்டையாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். தொண்டையைக் கனைத்துச் சரிபார்த்துக்கொண்டேன். பணப்பையை அவளே கையில் கொடுத்து, வாசல் வரை வந்து, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத அன்போடு சொன்னாள்:

"பார்த்து, நல்லா ஏமாந்துட்டு வாங்க."