மீன் வெட்டிய கராம்பு அண்ணை

ஒரு மனிதர் வேலைக்கு வந்து சேருமுன்பே அவருடைய மணம் வந்து கடை ஷட்டரைத் தூக்கிவிடும் என்றால், லண்டன் மாநகரத்தில் அது கராம்பு அண்ணை ஒருவர்தான். ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் அவர் ரயிலை விட்டு இறங்கும்போதே ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். காற்று மாறி அடித்தால் அடுத்த ஸ்டேஷனான அப்டன் பார்க்கில் தெரியும் என்று நான் சொல்வதுண்டு. யாரும் மறுத்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் பலசரக்குக் கடையில் நான் முன்னால் காசு வாங்கும் டில்லில் நின்றேன். அவர் பின்னால் மீன் வெட்டினார். சென்ட் அடித்துக்கொண்டு செய்யக்கூடாத வேலை என்று உலகத்தில் ஒன்று இருக்குமானால், அதைத்தான் அவர் தினமும் சென்ட் அடித்துக்கொண்டு செய்தார்.

அது 2009. வேலை போவது தடிமன் மாதிரி ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டிருந்த காலம். ஊரின் போர்ச் செய்தி கேட்டுக் கேட்டு எங்கள் சனம் வாய்விட்டுச் சிரிக்கவே கூச்சப்பட்ட வருஷமும் அதுதான். அந்த வருஷம் பார்த்து ஒரு கம்பனி, எப்போதோ செய்வதை நிறுத்திவிட்ட ஆண்களுக்கான சென்ட் ஒன்றைத் தூசி தட்டி மறுபடி கடைக்கு அனுப்பியது. கராம்பு, கறுவா, சாதிக்காய், மிளகு, மேலே கொஞ்சம் தோடம்பழத் தோல், அடியில் பூட்டிக் கிடந்த அலுமாரியின் வாசம். இந்தக் காலத்துச் சென்டைப் போட்டவன் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் போல மணப்பான். இதைப் போட்டவன், குளிக்கிற வேலையெல்லாம் மற்றவர்களுக்கு என்பது போல மணந்தான்.

அவர் முதன்முதலாக அதை அடித்துக்கொண்டு வந்த நாளை என் நரம்புகள் இன்னும் மறக்கவில்லை. டில்லில் நின்றவனுக்குத் திடீரென்று மூக்கு நிறையக் கராம்பு. மூளையில் ஏதாவது வெடிக்கப் போனால் இல்லாத மணமெல்லாம் வரும் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். உடனே இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். எழும்பியது. வலது காலை ஆட்டினேன். ஆடியது. ஆனாலும் திருப்தியில்லை. முன்னால் மரக்கறியோடு நின்ற அக்காவிடம் என் வாய் கோணியிருக்கிறதா என்று கேட்டேன்.

"உமக்கு எப்பவும் உப்பிடித்தானே," என்றார் அவர்.

அதற்குள் முதலாளி கூட்டுகிற தும்புத்தடியோடு மசாலாத் தட்டுப் பக்கம் ஓடி, உடைந்த கராம்புப் பக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தேடியது கிடைக்கவில்லை. வெள்ளை பூட்ஸும் ஏப்ரனுமாகக் கராம்பு அண்ணைதான் பின்கதவால் வந்தார். கழுத்து மினுங்கியது. அன்றைக்கு அவருக்குப் பெயர் விழுந்தது.

லண்டனுக்கு வருமுன் அவர் ஜெர்மனியில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவியவர். அந்த ஹோட்டல் மனேஜர் அடித்த சென்ட் இது. மணம் படியால் இறங்கினால் முழுக் கிச்சனும் விறைத்து நிற்குமாம். தானும் ஒருநாள் அப்படி மணக்க வேண்டும் என்று அன்றே முடிவெடுத்திருக்கிறார். கையில் நாலு காசு வந்து கடையில் போய்க் கேட்டபோது, அதை இப்போது செய்வதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மனிதர் வேறு சென்ட் எதையும் தொடாமல் இத்தனை காலம் காத்திருந்தார். இப்படிப் பொறுமையாகக் காத்திருந்தவன் கையில் போத்தல் கிடைத்தால் ஒரு சொட்டோடு நிறுத்துவானா? காதுக்குப் பின்னால் இரண்டு, கழுத்தில் இரண்டு, சட்டைக்குள் எத்தனை என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம்.

மணம் என்றால் மணந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் சனம் மீன் வாங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கண்ணைப் பார்க்கும், வயிற்றை அமத்தும், கடைசியில் செவுளை விரித்து மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்க்கும். மூக்கு சரியென்று சொல்லாமல் மணிபர்ஸ் திறக்காது. அந்த மூக்குக்கு இப்போது அறக்குளாவும் கராம்பு, விளைமீனும் கராம்பு, கணவாயும் கராம்பு.

முதலில் வாய் திறந்தது அந்த மரக்கறி அக்காதான். ஒரு விளைமீனை மணந்து பார்த்தார், திருப்பி மணந்தார், பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"பழைய மீனுக்கு சென்ட் அடிச்சு விக்கிறியளோ?"

அவர் என்னிடம்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் எத்தனை பேரிடம் சொன்னார் என்று தெரியாது. அடுத்த கிழமை மீன் பகுதியில் கராம்பு அண்ணையும் ஐஸும் மட்டும்தான் நின்றார்கள். போகிறவர்கள் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்கள். மீன் பகுதி போனால் கடை போய்விடும். கடை போனால் டில்லில் நிற்கிற நான் எங்கே போவது? அன்றிரவே கனவில் வேலையில்லாதவர்களோடு ஜொப் சென்டர் வரிசையில் நின்றேன்.

முதலாளிக்கும் அதே பயம். ஆனால் பெரிய கத்தியோடு நிற்கிற மனிதரிடம் போய்ச் சொல்லும் வேலையை எனக்குத் தந்தார். "நீர் பகிடி விடுற ஆள்தானே. பகிடியாச் சொல்லும்," என்றார்.

நான் போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். கராம்பு அண்ணை கத்தியைக் கையில் வைத்தபடி, "என்ன தம்பி?" என்றார். அரைக் கிலோ விளைமீன் என்றேன். மறுநாள் போனேன், இறால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்கடுத்த நாள் கணவாய். அது வெள்ளிக்கிழமை என்பது வீட்டுக் கதவைத் திறந்த மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கணவாய் வாசலுக்கு வெளியே நின்றது. கொஞ்ச நேரம் நானும் நின்றேன்.

சனிக்கிழமை காலை முதலாளி தானே களத்தில் இறங்கினார். கொஞ்சம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்தான் நின்றார், ஆனாலும் இறங்கினார். நாளையிலிருந்து சென்ட் அடித்தால் வேலை இல்லை என்று சொல்லியும் விட்டார். அந்தக் காலத்தில் வேறு வேலை ஒன்று கிடைப்பது எவ்வளவு பாடு என்று கடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கராம்பு அண்ணை மன்னிப்புக் கேட்பார், முகம் கழுவிவிட்டு வருவார் என்று நினைத்தேன். அவர் கத்தியைத் துடைத்து வைத்தார்.

"மீன் வெட்டுறவன் மீனாய்த்தான் மணக்கவேணும் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு, முதலாளி?"

முதலாளி அரிசி மூட்டையைப் பார்த்தார். அதில் பாஸ்மதி என்றுதான் எழுதியிருந்தது.

"இண்டைக்கு வேலை இருக்குத்தானே? அப்ப பொறுங்கோ," என்ற கராம்பு அண்ணை, பெரிய தட்டு நிறைய மீனை அடுக்கி என் கையில் தூக்கித் தந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே நடைபாதையில் நிறுத்தினார். பிறகு கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னார்: "உள்ளுக்கை மணக்கிறது நான். மீன் வெளியால நிக்குது. சந்தேகம் உள்ள ஆக்கள் அங்கை போய் மணந்து பாருங்கோ. பழுதெண்டா ரோட்டில எறிஞ்சிட்டுப் போங்கோ." தன் மணம் குறுக்கே வரக்கூடாது என்று உடனே உள்ளே போய்க் கதவையும் சாத்திவிட்டார்.

நான் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், குளிர் காற்றில், மீன் தட்டோடு நின்றேன். யாராவது அறக்குளாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று ஒரு பயம். தண்டம் எழுதக் கவுன்சில்காரன் வருவான் என்று ஒரு பயம். வந்தது மரக்கறி அக்கா. செவுளை விரித்தார், கண்ணை மூடினார், மணந்தார். பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரர் எல்லாம் தலையைத் திருப்பினார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய மூக்கையே பார்த்தேன்.

"உடன் மீன்தான், பழுதில்லை," என்றார் அக்கா.

அவ்வளவுதான். பின்னால் வரிசை முளைத்தது. ஆளுக்கொரு மீனை மூக்கில் வைத்துக்கொண்டு நடைபாதை நிறைய எங்கள் சனம். ரோந்து வந்த ஒரு பொலிஸ்காரர் நின்று, என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். பயத்தில் என் ஆங்கிலம் முழுவதும் ஓடிவிட்டது. மிஞ்சிய சொற்களைப் பொறுக்கி, இது எங்கள் சமயம் என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டி, வரிசையைக் குழப்பாமல் சுற்றிப் போனார்.

மத்தியானத்துக்குள் ஐஸ் மட்டும்தான் மிச்சம். முதலாளி உள்ளே போய், நாளைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று அடக்கமாகக் கேட்டார்.

"நாளைக்கும் அடிச்சுக்கொண்டுதான் வருவன்."

"அது சரி அண்ணை. நாளைக்குத் தட்டை ஆர் பிடிக்கிறது?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஈஸ்ட் ஹாமில் மீன் தாங்கியாக இருந்தவன் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவரும் நானும் ஒரே ரயிலில் ஏறினோம். அவர் டகன்ஹாம் போகிறவர், நான் அதற்கு முன்னால் அப்னியில் இறங்குகிறவன். அவர் போய் ஒரு இருக்கையில் அமர்ந்தார். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்தார், எழும்பினார், கதவடிக்குப் போனார். எனக்கு முகம் சுட்டது. முன்னால் நின்றபடி குனிந்து, இப்படிச் சனம் எழும்பிப் போவது மனவருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் மீனுக்கு எழும்பினவை, தம்பி," என்றார். "தேசிக்காய் தேய்ச்சன், கோப்பித்தூள் தேய்ச்சன், அந்த மணத்தை எடுக்க ஏலாது. இது நான் விரும்பிப் போட்ட மணம். எழும்பிறதெண்டா எனக்கு எழும்பட்டும்."

சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார், அந்த ஜெர்மன் மனேஜரே வந்து இருந்தது போல.

நான் அந்த வெறும் இருக்கையில் இருந்தேன். கராம்பு மூக்கில் ஏறித் தும்மல் வெடித்தது. மூக்கைத் துடைக்க அவர் தன் லேஞ்சியை எடுத்துத் தந்தார். அதிலும் அதே சென்ட். இரண்டாவது தும்மல் பெட்டி முழுவதும் கேட்டது. ரயில் அப்னியில் நின்றது, கதவு திறந்தது, என் கால்கள் பழக்கத்தில் ஒருமுறை அசைந்தன.

நான் எழும்பவில்லை. டகன்ஹாம் வரை தும்மிக்கொண்டே போனேன்.