கயித்துக்காரரின் காமிரா

எழுபதுகளில் உத்திரமேரூரில் கல்யாணம் செய்துகொண்ட யாருக்கும் அன்றைக்குத் தங்கள் முகம் எப்படி இருந்தது என்று தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு தலைமுறையையே புகையாக்கி ஆல்பத்தில் ஒட்டிவைத்த மகான் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். பஜார் தெருவில் ஸ்டூடியோ. பலகையில் ஏதோ ஒரு பெயர் எழுதியிருந்தது. ஊருக்கு அவர் கயித்துக்காரர்தான்.

அவருடைய காமிரா ஜெர்மனியில் செய்தது. லென்ஸ் வேறு ஏதோ காமிராவினுடையது. சொந்த லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டதால், மெட்ராஸில் பழைய சாமான் கடையில் இன்னொன்றைத் தேடிப்பிடித்து மாட்டியிருந்தார். திருகு சரியாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த ரகக் காமிராவில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். இவருடைய காமிராவிலும் ஒன்றாகும். ஆனால் லென்ஸ் மட்டும் எதிரே நிற்பவரை விட்டுவிட்டு, அவருக்கு ரெண்டடி பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஃபிளாஷ் போட்டு, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கியிருந்தால் பாதிக் குற்றம் மறைந்திருக்கும். அதற்கும் மாட்டார். “மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடும்” என்பார். கோயிலில் கற்பூரம் காட்டுகிற முகத்தோடுதான் எப்போதும் காமிராவைத் தூக்குவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரேஷன் கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய சேர்மன் புகை. அவருக்குப் பின்னால் கிருஷ்ணாயில் டின்னோடு வரிசையில் நின்ற ஆள் பளிச். டின்னில் இருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது. சேர்மன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் எங்கய்யா?”

“இதோ, மாலை கீதே? அதுக்குள்ள கீறீங்க” என்றார் கயித்துக்காரர், துளியும் அசராமல்.

என் பத்தாவது ஹால் டிக்கெட் படத்தில் ஸ்டூடியோ திரைச்சீலையில் வரைந்திருந்த அன்னப்பறவை இறகு இறகாக விழுந்திருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த நான் அடுப்புப் புகை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “பரீட்சை எழுதப்போறது யாருடா? நீயா, இந்த அன்னமா?”

இப்படி நாலு பக்கமும் திட்டு விழுந்த பிறகுதான் கயிறு வந்தது. அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. ஒரு முனையைக் காமிராவில் கட்டிக்கொண்டு, மறு முனையைப் படம் எடுத்துக்கொள்கிறவர் மூக்கு நுனியில் வைத்து அளந்து, அந்த எண்ணுக்கு லென்ஸ் வளையத்தைத் திருப்பி வைப்பார். கயிறு உண்மைதான் சொன்னது. லென்ஸில் போட்டிருந்த எண்ணே பொய் என்பது அவருக்கு எட்டவில்லை. ரெண்டடி ரெண்டடியாகவே இருந்தது. பெருநகரில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மூக்கில் கயிற்றை வைத்தபோது பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார்.

“மூக்குல கயிறு கட்டி இழுக்கறதுக்கு எம் பொண்ணு இன்னா மாடாய்யா?”

அதற்கப்புறம் கயிற்றைப் பிடிக்க அவர் மனைவியே கூட வந்தாள். ஊர் அவளைக் கயித்தக்கா என்றது. புள்ளலூர் வரைக்கும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவாள். மணப்பெண்ணின் பொட்டைச் சரிசெய்வாள். அழுகிற பெண்ணிடம் காதோடு ஏதோ சொல்லிச் சிரிக்கவைப்பாள். உண்மையைச் சொன்னால், ஊர் அவரை மறுபடி மறுபடி கூப்பிட்டதே இவளுக்காகத்தான். மூக்கில் கயிற்றை வைத்து எடுத்ததும் மேடைக் கூட்டத்தில் அவளுக்கு இறங்க வழி இருக்காது. சட்டென்று மணமக்களுக்குப் பின்னால் போய் ஒதுங்குவாள். சரியாக ரெண்டடி பின்னால்.

மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் அக்கா கல்யாணப் படத்தில் அக்காவும் மாமாவும் மார்கழிப் பனிக்குள் நிற்கிறார்கள். இருவர் தோளுக்கும் நடுவில் கயித்தக்கா, மூக்குத்தியின் கல் முதற்கொண்டு தெளிவாக. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே போய்விட்டார்.

“கல்யாணம் எம் பொண்ணுக்கா, உம் பொண்டாட்டிக்கா?”

“காமிரா மேல தப்பு இல்லண்ணே. ரெண்டு உருவமும் ஒண்ணாச்சு, எங்கண்ணால பாத்தேன்.”

“நானும் தலபாடா அடிச்சிக்கிறேண்ணா” என்றாள் உள்ளேயிருந்து வந்த கயித்தக்கா. “மெட்ராசுக்கு எடுத்துக்கினு போய் ஒருவாட்டி ரிப்பேருக்குக் காட்டுய்யான்னு. கேட்டாத்தானே? பேஜாரு புடிச்ச மனுசன்.”

“லென்ஸு சரியாத்தான் கீது. இந்த ஊருதான் ரெண்டடி முன்னால வந்து நிக்குது” என்றார் அவர்.

நைனா படத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நெகட்டிவையும் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எல்லா வீட்டுக்கும் நெகட்டிவைக் கொடுத்துவிடுவதுதான் கயித்துக்காரர் வழக்கம். கடையில் இருந்தால் பிரிண்ட் கேட்டு வருவார்கள், வந்தால் மறுபடி திட்டுவார்கள்.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் வந்து கயித்தக்கா போய்விட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும். நைனாவும் நானும் போனபோது அவர் ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் அவரே எடுத்தது. அவளை எதிரே உட்காரவைத்து எடுத்த ஒரே படம். அன்னம் இறகு இறகாக விழுந்திருந்தது. அவள் புகை.

“அவ மூஞ்சி எனக்குத் தெரியும்ணே” என்றார். “ஊருக்குக் காட்டத்தான் ஒரு படம் இல்ல.”

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாட்டியிருந்த அக்கா கல்யாணப் படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினார். வழியில் பார்த்த எல்லோரிடமும், வீட்டில் இருக்கிற கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு வரும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். சாயந்திரத்துக்குள் ஸ்டூடியோ வாசலில் ஊரே நின்றது. ஆல்பத்தோடு, சட்டத்தோடு, முந்தானையில் சுற்றிய ஒற்றைப் படத்தோடு. மூக்குக்கயிறு என்று சண்டை போட்ட பெருநகர்க்காரர்கூட, அவள் இருக்கிற படம் தன்னிடம் இல்லாவிட்டாலும், பஸ் ஏறி வந்திருந்தார். யாரைத் திட்டிக்கொண்டிருந்தார்களோ அவருக்காக அத்தனை பேர் வந்து நின்றார்கள்.

தரை முழுக்கப் பரப்பினார்கள். எல்லாப் படத்திலும் முன்னால் ஜோடி ஜோடியாகப் புகை. பின்னால் அவள். நரையில்லாத அவள், நரை விழுந்த அவள், மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் கிடக்கிற அவள், அழுக்குக் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டிருக்கிற அவள். கயித்துக்காரர் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் நிமிர்ந்தார்.

“அண்ணே, எல்லாத்துலயும் என்னியே பாத்துகினு கீறாளே.”

“பின்ன? இந்தத் தபாவாவது ஒழுங்கா எடுக்கிறியான்னு பாத்திருப்பா” என்றார் நைனா. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியத்துக்கு அக்கா கல்யாணப் படத்தில் இருந்த முகத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார் கயித்துக்காரர். அது முடிந்த கையோடு காமிராவை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார். அங்கே ரிப்பேர்காரர் லென்ஸுக்கு அடியில் மெல்லிசாக ஒரு பித்தளை வளையம் வைத்துத் திருகினாராம். அவ்வளவுதான் வேலை. “அவ சொன்னப்பவே செஞ்சிருக்கலாம்” என்றார் திரும்பி வந்து. 

என் கல்யாணத்துக்கும் அவர்தான் வந்தார். காமிரா சரியாகிவிட்டது, கயிறு தேவையே இல்லை. ஆனாலும் கொண்டுவந்திருந்தார். முனையை அக்கா கையில் கொடுத்தார். அக்கா என் மனைவியின் மூக்கில் வைத்துக் காட்டிவிட்டு, பழக்கமானவள் மாதிரி எங்களுக்குப் பின்னால் போய் ஒதுங்கினாள். படத்தில் நாங்கள் இருவரும் பளிச். பின்னால் அக்கா புகை.

“அடப்பாவி மனுசா, ரெண்டு கல்யாணத்துலயும் நான் பனிக்குள்ளயே நிக்கறனே!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஒம் மேல தப்பு இல்லம்மா” என்றார் அவர், அதே கற்பூர முகத்தோடு. முதல்தடவையாக ஊரைக் குற்றம் சொல்லவில்லை.

இன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது என் கல்யாணப் படம் அல்ல, அக்காவினுடையதுதான். வருகிறவர்கள், நடுவில் தெளிவாக இருக்கிற அம்மா யார் என்று கேட்பார்கள். சொல்வேன். கயித்துக்காரரையும் காட்டலாம் என்றால் அவர் முகம் ஒரு படத்திலும் இல்லை, ஊர் முழுக்க எடுத்தவரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் கயித்தக்கா பார்க்கிற இடத்தில்தான் அவர் நிற்கிறார். அந்தப் படத்துக்கு எதிரே நிற்கும்போதெல்லாம், அவர் இடத்தில் நான் நிற்கிற மாதிரி இருக்கும். கொஞ்சம் நகர்ந்துகொள்வேன்.