பாதியில் நிற்கும் பொடி

அறையில் இருந்தவர்கள் மூவர்: வேதியியல் ஆய்வாளர் டாக்டர் கனகசுந்தரம், அக்கரையில் பட்டர்வொர்த்தில் மார்ஜரின் என்னும் தாவர வெண்ணெய் ஆலை வைத்திருக்கும் நாச்சியப்பன், ஆய்வக உதவியாளர் பஷீர். நாலாவதாகச் செம்பனை எண்ணெய் கொதிக்கும் இரும்புக் கலத்தைச் சொல்லலாம். அது யாரையும் மதிக்கவில்லை.

"ஹைட்ரஜன் ஏத்தினா எண்ணெய் இறுகும். சாதாரண நிக்கல் பொடிக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது, மெழுகாக்கிடும். நான் அதோட பாஸ்பரஸ் சேர்த்து, புகை மாதிரி நைசா பண்ணியிருக்கேன். பாதியில தானா நின்னுடும்," என்றார் கனகசுந்தரம்.

"தானாவா?"

"தினம் பாக்கிறேன். மதியம் கேன்டீன் போய்ட்டு வந்தா நின்னிருக்கும்."

நாச்சியப்பன் சுவரைப் பார்த்தார். 'ஆள் இல்லாத அறையில் ஹைட்ரஜன் கேஸ் திறந்திருக்கக் கூடாது' என்று கனகசுந்தரமே எழுதி மாட்டிய அட்டை.

"வெடிக்காதுல்ல?"

"அதுக்குத்தான் போர்டு."

நாச்சியப்பன் பொடியை வாங்கினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் இந்த அறை உடைந்த நாற்காலிகளுக்கு. கனகசுந்தரம் இன்று கேன்டீன் பக்கமே போகவில்லை.

பஷீர் தொப்பியை எடுத்தான். "மதியத் தொழுகைக்குப் போய்ட்டு வந்துடறேன், டாக்டர்."

"இன்னிக்கு கொஞ்சம் பிந்திப் போ. பெரிய மனுஷர் வந்திருக்காரு."

"நேரம் இருக்கு லா." திரும்ப உட்கார்ந்தான்.

கனகசுந்தரம் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டார். வெண்ணெயாக நின்றது.

"இதோட நிக்கும்."

நிற்கவில்லை. அடுத்த சொட்டு சோப்பானது. பொடி போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் செலுத்தினார். சோப்பு கெட்டியானது. சூடு போதவில்லை என்று திருகினார். அதற்கடுத்த சொட்டை நாச்சியப்பன் நகத்தால் தட்டினார். டிக்கென்றது.

"இத ரொட்டில தடவ முடியாது, டாக்டர். கார்த்திகைக்கு ஏத்தலாம். நான் ஃபெரியைப் புடிக்கணும்."

போய்விட்டார்.

"இத்தனை நாள் நின்னுச்சே, பஷீர். இன்னிக்கு மட்டும் ஏன் நிக்கல?"

பஷீர் கேஸை மூடினான். கனகசுந்தரத்தை முன்னால் விட்டு, தானும் வெளியே வந்தான்.

"தொழப் போறப்ப தினமும் நான் மூடிட்டுத்தானே போவேன், டாக்டர். போர்டுல எழுதியிருக்கீங்களே."

கதவைச் சாத்திப் பூட்டினான்.