நியூ ஜெர்சியின் ஏழு பெட்டிகள்

உலகத்தில் அமெரிக்காவுக்குப் போகாமலேயே அமெரிக்கர் ஆன மனிதர் ஒருவர்தான் உண்டு. அங்கே போன பிறகு அமெரிக்கர் ஆக முடியாமல் திரும்பி வந்தவரும் அவரேதான். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஏவன்டேல் பகுதியில், என் மகன் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கிறார். சொந்த ஊர் மாயவரம். தொழில் பஸ் ஓட்டுவது. பெயர் நியூ ஜெர்சி.

பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ளும் அவசியம் எங்கள் தெருவில் யாருக்கும் ஏற்படவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் அவருடைய அண்ணன், தம்பியை அழைத்துக்கொள்ள மனு போட்டிருந்தார். அந்த வரிசை ஆமை பார்த்துப் பரிதாபப்படும் வேகத்தில் நகர்ந்தது. இடையில் நியூசிலாந்து விசா கிடைக்கவே, "சும்மா ஒரு டிரான்சிட்" என்று மனைவி கோமதியோடு இங்கே வந்து இறங்கினார். நான் மகனோடு இருக்க வந்தபோது அந்த டிரான்சிட்டுக்குப் பத்து வயது ஆகியிருந்தது.

பெயர் சூட்டியவர் அவருடைய பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து டீச்சர். "உந்தாளுக்கு வேற பேர் என்னத்துக்கு? நியூ ஜெர்சி எண்டு கூப்பிட்டுப் பாருங்கோ, திரும்பிப் பார்ப்பார்" என்றார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் எண்ணாமல் இருக்க வராது. அவர் வீட்டுக்குள் முதல் தடவை நுழைந்ததும் எண்ணினேன். நாற்காலி பூஜ்யம். பெட்டி ஏழு.

"உக்காருங்க சார். அந்த நீலப் பெட்டியில. சிவப்பு வேண்டாம், அதுல கண்ணாடி டம்ளர் இருக்கு."

"நாற்காலி வாங்கலையா?"

"எதுக்கு சார்? நாளைக்கே விசா வந்தா நாற்காலியத் தலையில தூக்கிட்டா போறது?"

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது. "பத்து வருஷமா நாளைக்குத்தான் சார் வருது. மூணாயிரத்துச் சொச்சம் நாளைக்கு ஆச்சு. நான் ஒரு சோபா கேட்டேன். ஒரே ஒரு சோபா."

"அங்க போய் வாங்கிக்கலாம். அங்க சோபாவே படுக்கை மாதிரி இருக்கும்."

"இங்க படுக்கையே பெட்டி மாதிரி இருக்கு."

இப்படி வீடு டிரான்சிட்டில் இருக்க, மனிதர் மட்டும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டார். தூரத்தை மைலில்தான் சொல்வார். நடைபாதை அவருக்கு சைட்வாக். காலையில் எதிர்ப்பக்க வேலியிலிருந்து, "இன்னிக்கு அறுபத்தி மூணு டிகிரி சார்" என்பார். நான் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, ஸ்வெட்டர் வேண்டுமா என்று முடிவெடுப்பதற்குள் மழை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து காலியாகும் திடலில் காரை வலது பக்கமாக ஓட்டிப் பழகுவார். எதிரே வந்தவர்கள் ஹாரன் அடித்தால், "அமெரிக்காவில இவன் லைசென்ஸே வாங்க முடியாது" என்று என்னிடம் வருத்தப்படுவார். நான் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவர் கூப்பிட்டால் மறுக்க வராது.

ஜூலை நான்காம் தேதி அமெரிக்கச் சுதந்திர தினத்தைக் கொண்டாட வேண்டும். இங்கே பட்டாசு விற்பது நவம்பரில் சில நாட்கள் மட்டும்தான். அதனால் நவம்பரில் மத்தாப்பு வாங்கி, ஆறாவது பெட்டியில் பத்திரப்படுத்தி, ஜூலையில், இங்கத்திய நடுக்குளிர்கால மழையில், வெளியே எடுத்தார். ஒன்றுகூடப் பற்றவில்லை. டீச்சர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அமெரிக்கா நனைஞ்சு போச்சோ?"

"அங்க இப்ப வெயில் டீச்சர்!"

"ஓம் ஓம். ஆனா நீங்கள் இஞ்சதானே நிக்கிறீங்கள். குடையைப் பிடியுங்கோ."

நியூசிலாந்துக்காரர்களின் இரண்டு பழக்கங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. ஒன்று, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவரும் "தாங்க்யூ டிரைவர்" என்று கத்திவிட்டு இறங்குவது. "காசு குடுத்து ஏறினவன் எதுக்கு சார் தாங்க்யூ சொல்றான்? ஒரு டிரிப்புக்கு நாப்பது தாங்க்யூ. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது." இன்னொன்று, வெறுங்காலோடு கடைக்கு வருவது. கோட்டு போட்ட மனிதர்கூடக் காலில் ஒன்றும் இல்லாமல் பால் வாங்க நிற்பார். "அமெரிக்காவில உள்ளயே விடமாட்டான் சார்" என்பார் நியூ ஜெர்சி. இதை அவர் முனை டெய்ரியில், இங்கே தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர், ரொட்டி வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னபோது அவர் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. சுட்டிக்காட்டினேன்.

"இது பக்கத்துக் கடை சார். கணக்குல வராது."

இப்படி இரண்டு வருஷம் போனபின் ஒருநாள் விசா வந்தேவிட்டது. தெருவில் யாரும் நம்பவில்லை. அவரே நம்பவில்லை, நீலப் பெட்டியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் அவர் போய் வேலை தேடிக்கொள்வது, ஆறு மாதம் கழித்துக் கோமதி வருவது என்று ஏற்பாடு. விமான நிலையத்துக்கு நானும் போனேன். இரண்டு பெட்டிகள் உள்ளே போயின. மீதி ஐந்து. அவர் திரும்பித் திரும்பிக் கையசைத்து மறைந்ததும் கோமதி சொன்னார்.

"சார், நான் போகப்போறதில்ல."

"என்னம்மா சொல்றே?"

"இங்க எல்லர்ஸ்லி ஏரியாவில எனக்கு நல்ல வேலை. ரயில் ஏறினா பேசுறதுக்கு நாலு பேர் இருக்காங்க. மறுபடி முதல்லேர்ந்து என்னால ஆரம்பிக்க முடியாது."

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா ஏறியிருக்க மாட்டார். ஏறலேன்னா காலம் பூரா ரெண்டு பேரும் பெட்டி மேலதான். போய்ப் பாக்கட்டும். அவர் அங்கேயே இருக்கணும்னு நெனச்சா..." பார்க்கிங் சீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் ஒரு லாரி வந்து அவர் வீட்டு வாசலில் சோபாவை இறக்கியது. சாம்பல் நிறம், மூன்று பேர் உட்காரலாம். கோமதி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் நீலப் பெட்டியிலேயே உட்கார்ந்தேன். சோபாவில் உட்கார்ந்தால் அவர் வரப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். தினமும் சாயங்காலம் போவேன், பெட்டியில் உட்கார்ந்து காபி குடிப்பேன், திரும்புவேன். காலையில் டிகிரி சொல்ல ஆளில்லாமல் ஸ்வெட்டரைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

இரண்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை பகலில், எதிர் வீட்டு முன் டாக்சி நின்றது. ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஆள் ஒன்று, பெட்டி ஒன்று. ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாம்.

"இன்னொரு பெட்டி எங்கேய்யா?"

"அண்ணன் வீட்லயே விட்டுட்டேன் சார். அங்க நாற்காலி கம்மி."

வேலியோரம் நின்றபடியே கதையைச் சொன்னார். முதல் நாளே அண்ணன் காரில் ஏறப்போய், இங்கத்திய பழக்கத்தில் இடது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணி மடியில் உட்காரப் பார்த்திருக்கிறார். பஸ்ஸில் இறங்கும்போது வாய் தன்னால் "தாங்க்யூ டிரைவர்!" என்று கத்தியிருக்கிறது, பின்னால் ஏதோ விபத்து என்று டிரைவர் கிளம்பிய வேகத்தில் மறுபடி பிரேக் போட்டுவிட்டாராம். பால் வாங்கப் போன கடையில் காவலாளி வாசலிலேயே மறித்து, இவருடைய வெறுங்காலைக் காட்டியிருக்கிறார்.

"எப்ப செருப்பு இல்லாம கிளம்பினேன்னே தெரியல சார். பன்னெண்டு வருஷமா நான்தான் சொல்லிட்டிருந்தேன், உள்ள விடமாட்டான்னு. நான் சொன்னது சரியாப் போச்சு." அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

"அதுக்காகவா திரும்பினீங்க?"

"இல்ல சார். ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க. ஒருத்தர் கேட்டார், உங்க ஊர்ல மழையெல்லாம் எப்படின்னு. நான் பாட்டுக்குச் சொல்லிட்டிருக்கேன். எங்க ஊர்ல காலையில வெயில் அடிக்கும், பத்து மணிக்கு மழை, மத்தியானம் ஆளைத் தள்ற காத்து, சாயங்காலம் மறுபடி வெயில், குடையும் கறுப்புக் கண்ணாடியும் சேர்த்தே எடுத்துட்டுப் போவோம்னு. அண்ணன் சாப்பிடறத நிறுத்திட்டுக் கேக்கறான், 'மாயவரத்திலயாடா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அங்க எனக்கு என்ன பேர் தெரியுமா சார்? நியூசிலாந்து."

வீட்டுக்குள் போனோம். சோபாவைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எப்ப வந்தது?"

"நீங்க போன மறுநாள்" என்றார் கோமதி.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா பெட்டியக் காட்டுவீங்க. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. நான் அமெரிக்காவுக்கு வர்றதா இல்ல. போகும்போதே வர்றதா இல்ல."

நியூ ஜெர்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான் திரும்பி வராம இருந்திருந்தா?"

"வருவீங்கன்னுதான் பெருசா வாங்கினேன். எனக்கு ஒருத்திக்கு எதுக்கு மூணு பேர் உக்கார்ற சோபா?"

அவர் மெதுவாகப் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். அழுத்திப் பார்த்தார். "அண்ணன் வீட்டு சோபாவ விட மெத்துனு இருக்கு" என்றார். பிறகு ஏதோ யோசித்து, "நாம ரெண்டு பேர்தானே? மூணாவது யாருக்கு?" என்று கேட்டார்.

கோமதி உடனே, நான் உட்காரப் போன நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் கராஜில் போட்டுவிட்டு வந்தார். எனக்கு வேறு இடமில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்விடுகிறேன். உட்கார்ந்ததும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன். இதுவரை மூன்றுக்குக் குறையவில்லை.